பூச்சிக்காளை

எங்கள் வளவில் 26 வீடுகள். எருமை இருந்தது, வாரத்துக்குப் பிடித்த மாடு இருந்தது, ஆடு கோழி இருந்தது. பூச்சிக்காளை மட்டும் ஒரு வீட்டிலும் இருந்ததில்லை. வெளியூர்த் தோழர்களுக்காகச் சொல்கிறேன். பசுவுக்கு விடுவதற்கென்று காயடிக்காமல் வளர்க்கிற காளையைக் காங்கேயம், தாராபுரம் பக்கத்தில் பூச்சிக்காளை என்போம். மற்ற ஊர்களில் பொலிகாளை என்பார்கள். மாதாரி பூச்சிக்காளை வளர்க்கக் கூடாது என்று யாரும் எழுதி ஒட்டியதில்லை. எழுதாமலே எல்லாருக்கும் தெரியும். மதுரைப் பக்கம் சில ஊர்களில் சேரி ஜனங்கள் ஆண் நாய் வளர்க்கக் கூடாது என்று கட்டுப்பாடு இருந்ததை நீங்கள் படித்திருக்கலாம். அந்தச் செய்தி வந்தபோது என் நண்பர்கள் சிலர் நம்பவில்லை. எனக்கு நம்புவதில் ஒரு சிரமமும் இருக்கவில்லை.

வாரத்து மாடு என்றால் இதுதான். பண்ணாடி கெடேரிக் கன்றைக் கொடுப்பார். தீனி நம்முடையது, மேய்ப்பு நம்முடையது. கன்று போட்டபின் விலை பேசி ஆளுக்குப் பாதி. அந்தக் கெடேரி காளைக்குக் கத்தினால் பண்ணாடி காட்டுக்குத்தான் ஓட்டிப் போக வேண்டும். கட்டுத்தரைக்கு வெளியே கிளுவை வேலி ஓரமாக நிற்கவேண்டும். பண்ணாடி தூங்கிக்கொண்டிருந்தால் எழும்வரை நிற்கவேண்டும். மாட்டின் பருவம் ஒரு நாள்கூட நிற்காது. அது போய்விட்டால் இன்னும் 21 நாள் காத்திருக்க வேண்டும். காளைக்கு விட்டதற்குக் காசு கிடையாது, கூலி இல்லாமல் ஒரு நாள் வேலை. எங்கம்மா அப்படி ஒருமுறை ஒரு நாள் முழுக்கக் கடலைக்காய் பறித்துக் கொடுத்தாள். மாடு சினை பிடிக்கவில்லை. மறுபடியும் ஒரு நாள் பறித்தாள்.

எங்கய்யன் பண்ணயத்தாள். ஆண்டுக்கு இவ்வளவு கம்பு, இவ்வளவு சோளம், தீபாவளிக்கு ஒரு வேட்டி என்று பேசி விட்ட ஆள். கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் 1976இல் வந்தது. எங்கள் ஊருக்கு அது வந்து சேர்ந்ததாக எனக்கு நினைவில்லை. கட்டுத்தரையில் பத்து முப்பது உருப்படி மாடு. அத்தனைக்கும் சாணி அள்ளுவதும் தண்ணி காட்டுவதும் காயத்துக்கு மருந்து வைப்பதும் அவர்தான். காங்கேயம் மாட்டைப் பற்றி யார் எழுதினாலும் பழையகோட்டைப் பட்டக்காரர் பெயரை எழுதாமல் விடமாட்டார்கள். அந்த மந்தையில் இனம் பார்த்துச் சேர்த்து வளர்த்தது உண்மை. அதை மறுக்க வேண்டியதில்லை. ஆனால் இந்த வட்டாரம் முழுக்க எத்தனையோ கட்டுத்தரைகளில் எந்தக் கன்றை விடுவது, எந்தக் கன்றுக்குக் காயடிப்பது என்று முதலில் பார்த்த கண் யாருடையது? நான் படித்த எந்தப் புத்தகத்திலும் அந்த ஆளுக்குப் பெயர் இல்லை.

அய்யன் விரலை நீட்டிக் காட்டமாட்டார். பண்ணாடி மாட்டைப் பார்த்து மாதாரி விரல் நீட்டினால் அது வேறு விவகாரம். "எதுடா நிக்கும்?" என்று பண்ணாடி கேட்பார். "எசமாங்களுக்குத் தெரியாததுங்களா" என்று சொல்லிவிட்டு இவர் ஒரு கன்றுக்குப் பக்கத்தில் போய் நின்று தட்டை உதறிப் போடுவார். அவ்வளவுதான். மறுநாள் நாலு பேர் முன்னால் பண்ணாடி, "நான் பாத்ததுமே நெனச்சன், இதுதான் நிக்கும்னு" என்பார். வீட்டுக்கு வந்து அய்யன் இதைச் சொல்லிச் சிரிப்பார். அந்தச் சிரிப்பில் கோபம் இருந்ததா என்று எனக்கு இன்றைக்கும் தெரியவில்லை.

அவர் என்னத்தைப் பார்த்தார்? கன்றைவிடக் கன்றின் தாயைத்தான் அதிகம் பார்த்தார். "ஆத்தா மடியப் பாக்காம மவன் கழுத்தப் பாத்து என்ன பண்றது?" தாய் வருசம் தவறாமல் கன்று போட்டதா, பஞ்சத்தில் இளைத்துத் திரும்பத் தேறியதா என்று பார்ப்பார். மேய்ந்துவிட்டுப் பொழுதோட திரும்பும்போது பின்னாலிருந்து பார்ப்பார். முன்னங்கால் வைத்த தடத்தில் பின்னங்கால் வந்து விழுகிறதா, இறக்கத்தில் குளம்பைத் தேய்க்கிறதா, வயிற்றடித் தோல் தொங்கி முள்ளில் சிக்குமா என்று பார்ப்பார். விதை இரண்டும் ஒரே அளவில் இறங்கியிருக்கிறதா என்பதைக் கழுவிவிடுகிற சாக்கில் கையால் தொட்டுப் பார்த்துவிடுவார். ரொம்பப் பெரிய தலை, ரொம்ப அகன்ற தோள் என்றால் அவருக்குப் பிடிக்காது. அது ஏன் என்று எனக்குப் பன்னிரண்டு வயதில் தெரிந்தது.

1972. பண்ணாடியிடம் இரண்டு காளங்கன்றுகள். ஒன்றை நிறுத்த வேண்டும். இந்த முறை அவர் அய்யனைக் கேட்கவில்லை. சுழி பார்க்கிற ஒருவரை வண்டி வைத்துக் கூட்டிவந்தார். சுழி என்றால் மாட்டின் தோலில் மயிர் சுழன்று நிற்கிற இடம். ராஜ சுழி, கோபுரச் சுழி, லட்சுமி சுழி என்று நல்ல சுழிகள். விலங்குச் சுழி, பாடைச் சுழி, துடைப்பச் சுழி, பெண்டிழந்தான் சுழி என்று கெட்ட சுழிகள். விலங்குச் சுழி இருந்தால் வளர்ப்பவன் ஜெயிலுக்குப் போவான், பாடைச் சுழி இருந்தால் பாடையில் போவான் என்று அந்தந்தப் பெயரிலேயே பலன் இருக்கிறது. பிறக்கும்போதே உடம்பில் எழுதி வந்துவிடுகிறது, மாடு என்ன செய்தாலும் மாற்ற முடியாது. இதை எங்கோ கேட்டமாதிரி உங்களுக்குத் தோன்றினால் எனக்கும் அப்படித்தான்.

ஒரு கன்றுக்கு ராஜ சுழி என்றார் வந்தவர். இன்னொன்றுக்குத் துடைப்பச் சுழி, வீட்டை வழித்துத் துடைத்துவிடும் என்றார். துடைப்பச் சுழிக் கன்றை அய்யன்தான் கயிறு போட்டுக் கீழே தள்ளிப் பிடித்தார். கிட்டி போட்டு நசுக்கிக் காயடித்தார்கள். காங்கேயம் கன்று பிறக்கும்போது செவலை. ஆறு மாதத்தில் மயிலையாகும். காளையாக நின்றால் திமிலிலும் கழுத்திலும் கருமை ஏறும். காயடித்தால் அந்தக் கருமை வராது, வெளுத்துப் போகும். அந்தக் கன்று வெளுத்து, ஏர் உழுது, கவலை இழுத்து, பன்னிரண்டு வருசம் பண்ணாடிக்கு உழைத்தது. வீட்டை ஒன்றும் துடைக்கவில்லை.

ராஜ சுழிக் காளைக்குப் பெரிய தலை. அதற்குப் பிறந்த கன்றுகளுக்கும் அதே தலை. முதல் ஈற்றுக் கெடேரிகள் இரண்டுக்குக் கன்று மாட்டிக்கொண்டது. ஒன்றுக்கு நாலு பேர் சேர்ந்து செத்த கன்றை இழுத்தெடுத்தார்கள். இன்னொன்று விடியற்காலை தாயும் கன்றுமாகச் செத்தது. (காளையை மட்டும் குற்றம் சொல்லவும் முடியாது. வளர்ச்சி முடியாத கெடேரிகளை அவசரப்பட்டுக் காளைக்கு விட்டிருந்தார்கள். இது நான் படித்த பிறகு சொல்வது.) செத்ததும் வளவுக்கு ஆள் வந்தது. பள்ளத்துக்கு இழுத்துப் போய் அறுத்தோம். கறியைக் கூறு போடுமுன் அய்யன் என்னைக் கூப்பிட்டார். இடுப்பெலும்பின் வாயில் சாணை விரித்து வைத்துக் காட்டினார். அப்படியே அந்தச் சாணைக் கன்றின் தலையில் வைத்துக் காட்டினார்.

"பார்றா. கதவு இவ்வளவு. வர்ற ஆளு இவ்வளவு. எப்படி வருவான்?"

அப்புறம் தோலைத் திருப்பிப் போட்டு உப்புத் தடவினார். உள்பக்கத்தில் சுழி எதுவும் தெரியவில்லை.

அன்று ராத்திரி நானும் வயிறு நிறையக் கறி தின்றேன். அவமானம் அப்போது தெரியாது. ஹாஸ்டலுக்குப் போன பிறகுதான் தெரிந்தது. அந்தக் கதையை இந்தப் பக்கங்களில் என்னைவிட நன்றாக எழுதியவர்கள் இருக்கிறார்கள். நான் அதில் நிற்கப் போவதில்லை.

கால்நடை மருத்துவம் படிக்க எனக்கு இடம் கிடைத்தது. செத்த மாட்டை அறுத்துக் காரணம் கண்டுபிடிக்கிற வகுப்பில், மற்றவர்கள் மூக்கில் கைக்குட்டை வைத்து நின்றபோது, எனக்குக் கை தானாகப் போனது. கல்லீரலில் இலைமாதிரி ஒட்டியிருக்கும் தட்டைப்புழு, இரைப்பையிலிருந்து நெஞ்சுக்குக் குத்தி ஏறிய கம்பித் துண்டு, நுரையீரலில் கட்டி எல்லாம் பள்ளத்தில் பார்த்தவை. பெயர் மட்டும் புதிது. "உனக்கென்னப்பா, பழக்கம்" என்றான் பக்கத்தில் நின்றவன். அதற்குப் பிறகு தெரிந்ததையும் தெரியாத மாதிரிக் காட்டிக்கொண்டேன். பிரேதப் பரிசோதனைக்கு ரப்பர் கையுறை போட்டு, ரிப்போர்ட் எழுதினால் விஞ்ஞானம். சூரிக்கத்தியும் வெறும் கையுமாகச் செய்தால் தீட்டு. செய்வது ஒரே வேலை.

கறிக்காக வளர்க்கிற மாட்டு மந்தைக்குக் காளை தேர்வது எப்படி என்று பாடப்புத்தகத்தில் ஒரு பகுதி இருந்தது. பாடம் நடத்தியவர், "இது நமக்கு வேண்டாம், பரீட்சையில வராது" என்று பக்கத்தைத் திருப்பிவிட்டார். நான் நூலகத்தில் உட்கார்ந்து அதை மட்டும் மூன்று தடவை படித்தேன். வளர்ந்த ஒரு காளைக்கு 25, 30 பசு. இளங்காளைக்கு அதில் பாதி. கன்றுக்குப் பாதி தாய், பாதி தகப்பன் என்றாலும் வீட்டுக் கெடேரிகளையே வைத்துக்கொண்டு போனால், கடைசியாக நின்ற மூன்று காளைகளிடமிருந்து எட்டில் ஏழு பங்கு வந்துவிடும். அதனால் பசு தப்பாகிப்போனால் ஒரு கன்று போகும், காளை தப்பாகிப்போனால் மந்தை போகும். விதைப்பையின் சுற்றளவை டேப் வைத்து அளக்க வேண்டும். அது விந்தின் அளவைச் சொல்லும். அந்தக் காளையின் பெண்கன்றுகள் சீக்கிரம் பருவத்துக்கு வருமா என்பதையும் ஓரளவு சொல்லும். காலும் குளம்பும் நன்றாக இல்லாத காளை எவ்வளவு அழகாக இருந்தாலும் மேய்ச்சல் மந்தையில் பயனில்லை, ஏனென்றால் அது நடந்துபோய்த்தான் பசுவைத் தேட வேண்டும். பிறக்கும்போது கன்றின் எடை எவ்வளவு இருந்தது என்று கேள், முதல் ஈற்றுக் கெடேரிகளுக்குச் சிறு கன்று கொடுக்கிற காளையைப் பார் என்று எழுதியிருந்தது. அந்த வரியில் எனக்கு அய்யனின் சாண் தெரிந்தது.

இன்னொன்றும் அங்கேதான் படித்தேன். பிரேசில் நாட்டின் கறி மாடுகளில் பெரும்பகுதி நெல்லூர் இனம். நம் ஓங்கோல் மாட்டின் வாரிசு. அமெரிக்காவில் பிராமன் என்று பெயர் வைத்து வளர்க்கிற கறி மாடும் இந்தியாவிலிருந்து போன காளைகளில் உண்டானதுதான். பிராமன்! அந்தப் பெயரில் கறி மாடு. தனியாக உட்கார்ந்து சிரித்தேன். நூலகர் நிமிர்ந்து பார்த்தார்.

1991இல், அம்பேத்கர் நூற்றாண்டு சமயத்தில், எங்கள் வளவு இளைஞர்கள் செத்த மாடு எடுப்பதில்லை என்று முடிவு செய்தார்கள். அப்போது நான் அரசாங்க வேலையில் இருந்தேன். கூட்டத்துக்குப் போய் 1927இல் மகாடில் அம்பேத்கர் செத்த மாட்டின் கறியை விடச் சொன்னதைப் பேசினேன். கை தட்டினார்கள். ஊர்க்காரர்கள் இரண்டு மாதம் வேலை கொடுக்கவில்லை. அய்யன் திண்ணையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். கடைசியில் என்னிடம், "சரி, எடுக்க வேண்டாம். நல்லதுதான். ஆனா உள்ள பாக்காம ஏன் செத்துச்சுன்னு அவியளுக்கு யாரு சொல்லுவா?" என்றார். எனக்குக் கோபம் வந்தது. "அவங்க மாடு ஏன் செத்தா உங்களுக்கென்ன?" என்று கத்தினேன். அவர் பதில் பேசவில்லை. 1998இல் செத்துப்போனார். அந்த மறுப்பு சரி என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன். முடியாது என்று சொல்ல வழியில்லாத வேலையைக் கலை, அறிவு என்றெல்லாம் புகழ்கிறவர்களைக் கண்டால் எனக்கு எரிச்சல்தான் வரும். ஆனால் அவரிடம் இருந்ததை எழுதி வாங்கிக்கொள்ள எனக்கு ஏழு வருசம் இருந்தது. நான் வாங்கவில்லை.

2017இல் வளவுப் பெண்கள் ஒன்பது பேர் சேர்ந்து மந்தை வைத்தார்கள். தலைவி எங்கள் சின்னம்மா, அய்யனின் தம்பி பெண்டாட்டி. ஒன்பதில் ஐந்து பேர் புருசனை இழந்தவர்கள். கொறங்காடு ஒன்றைக் குத்தகைக்குப் பிடித்தார்கள். கொழுக்கட்டைப்புல்லும் வெள்வேல மரமும் முள்கிளுவை வேலியும் உள்ள காடு. பசு 24. முக்கால்வாசி காங்கேயம் ரத்தம், மீதி என்னவென்று சொல்ல முடியாது. பால் கொஞ்சம்தான், அது கன்றுக்கே. காளங்கன்றுகளை இரண்டு மூன்று வருசம் மேய்த்து எடையேற்றிச் சந்தையில் விற்பது என்று கணக்கு. பொள்ளாச்சிச் சந்தையிலிருந்து லாரி எங்கே போகிறது என்பது கொங்கு நாட்டில் குழந்தைக்கும் தெரியும். ஊர்க்காரர்களின் கிழட்டு மாடும் அதே லாரியில்தான் ஏறுகிறது. விற்கிறவர்களுக்கு அது சந்தையோடு முடிந்துவிடும். தின்கிறவர்களுக்குத்தான் பெயர்.

அந்த வருசம் மே மாதம் மத்திய அரசு சந்தை விதிகளைக் கொண்டுவந்தது. கொல்வதற்காக அல்ல என்று எழுதிக் கொடுத்தால்தான் மாட்டைச் சந்தைக்குக் கொண்டுவரலாம் என்றார்கள். அதே மாதம் உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை தடை விதித்தது. ஜூலையில் உச்ச நீதிமன்றம் அந்தத் தடையை நாடு முழுமைக்கும் நீட்டித்தது. தமிழ்நாட்டில் 1958ஆம் வருசச் சட்டம் வேறு இருக்கிறது. வேலைக்கும் இனப்பெருக்கத்துக்கும் ஆகாதென்று சான்று பெற்ற மாட்டைத்தான் அறுக்கலாம். அந்தச் சான்றுகளில் நானே எத்தனையோ கையெழுத்துப் போட்டிருக்கிறேன். பெண்கள் பயந்துபோய் மந்தையை விற்றுவிடலாமா என்று கேட்டார்கள். சின்னம்மாதான் பொறுக்கச் சொன்னது.

காளை இல்லாமல் ஒரு வருசம் சினை ஊசியில் ஓட்டிப் பார்த்தார்கள். கட்டிப்போட்டு வளர்க்கிற மாட்டுக்கு ஊசி சரி. மேய்ச்சல் மந்தையில் எது எப்போது பருவத்துக்கு வந்தது என்று கவனித்து, ஆளைக் கூப்பிட்டு, அவர் வந்து சேர்வதற்குள் பருவம் போய்விடும். கோடையில் ராத்திரியில் சத்தமில்லாமல் வந்துபோகிற பருவத்தை யார் பார்ப்பது? ஜெர்சி ஊசியில் பிறந்த இரண்டு கன்றுகளும் சித்திரை வெயிலில் மேயாமல் மரத்தடியிலேயே நின்றன. அந்த வருசம் 24இல் ஒன்பதுதான் சினை. நான் 2018இல் ஓய்வு பெற்று ஊருக்கு வந்ததும் சின்னம்மா சொன்னது இதுதான்: "சாமி, எங்களுக்கு ஒரு பூச்சிக்காளை பாத்துக் குடு."

முதலில் போன இடத்தில் நல்ல மந்தை. என் பழைய பழக்கம். டாக்டர் என்று நாற்காலி போட்டார்கள். யாருக்கு என்று கேட்டதும் பேச்சு மாறியது. "உங்க சனத்துக்குப் பூச்சிக்காளை எதுக்குங்க டாக்டர்? வண்டிக்கு வேணும்னா சொல்லுங்க, காயடிச்சே தர்றன்" என்றார். நாளைக்கு அது வேலி தாண்டி அவர் மாட்டின் மேல் ஏறினால் கன்றை எந்தக் கட்டுத்தரையில் கட்டுவது என்ற கவலை அவருக்கு. கண்ணபுரம் தேர்ச் சந்தைக்கும் போனோம். அங்கே நல்ல சுழியோடு நிற்கிற காளையின் விலையில் எங்கள் மந்தையில் பாதியை வாங்கலாம். கழுத்தில் மணி, கொம்பில் குஞ்சம், பின்னால் தேய்ந்த குளம்பு. வாரச் சந்தையில் வாங்க எனக்கு மனமில்லை. எங்கிருந்து வந்தது, ஏன் விற்கிறார்கள் என்று தெரியாத காளை கன்று வீச்சு நோயைக் கொண்டுவந்து மந்தை முழுக்க ஒட்டிவிடும்.

2019 தை மாதம் ஒரு தரகர் சொல்லி, இருபது கல் தள்ளி ஓர் ஊருக்குப் போனோம். நானும் சின்னம்மாவும் இன்னும் இரண்டு பேரும். மயிலைக் காளை, அப்போதுதான் ரெண்டு பல். திமிலில் கருமை ஏற ஆரம்பித்திருந்தது. இந்த விலைக்கு இந்தக் காளையா என்று எனக்கே சந்தேகம். சொந்தக்காரர் தள்ளி நின்றார். காளை பக்கமே வரவில்லை. தரகர்தான் காதோடு சொன்னார், பெண்டிழந்தான் சுழி. வளர்ப்பவன் பெண்டாட்டியை இழப்பான். அவருடைய மனைவி முந்தின வருசம் புற்றுநோயில் போய்விட்டார். "கறிக்குப் போட்டாலும் எனக்கு ஒண்ணுமில்லீங்க, இங்கிருந்து போனாச் சரி" என்றார் அவர். அந்த ஆளின் முகத்தைப் பார்த்த பிறகு சுழியைப் பற்றிப் பேச எனக்கு வாய் வரவில்லை. சின்னம்மாதான் கேட்டது, "அம்மிணி எத்தன நாளுங்க படுத்திருந்தாங்க?" அவர் உட்கார்ந்து ரொம்ப நேரம் சொன்னார். குடிக்கத் தண்ணீரும் கொடுத்தார். எனக்குச் சில்வர் டம்ளரில், பெண்களுக்குக் காகிதக் கப்பில்.

நான் டேப்பை எடுத்து அளந்தேன். 29 சென்டிமீட்டர். வெளிநாட்டு இனங்களுக்குச் சொல்கிற கணக்கை நம் மாட்டுக்கு அப்படியே பொருத்த முடியாது. நம்முடையது நிதானமாக வளர்வது. இந்த வயதுக்கு இது போதும் என்று பட்டது. இரண்டும் சமமாக, கெட்டியாக, கைக்குள் நழுவின. தரகர் சிரித்தார். நடக்கவிட்டுப் பின்னாலிருந்து பார்த்தோம். தடத்தில் தடம் விழுந்தது. அதற்குப் பிறந்த கன்று இரண்டு கட்டியிருந்தது. பிறக்கும்போது எப்படி என்று கேட்டேன். "எல்லாம் நல்லாத்தான்" என்றார் சொந்தக்காரர். அவருக்குத் தெரிந்திருக்காது. கட்டுத்தரை மூலையில் கூடையோடு ஒரு பெரியவர் நின்றுகொண்டிருந்தார். அந்த ஊர் வளவு ஆள். நான் அவரைப் பார்த்தேன். அவர் சொந்தக்காரரைப் பார்த்தார். பிறகு குனிந்து சாணியை அள்ளிக்கொண்டே, "கையே போடலீங்க. ரெண்டும் தானா வந்து விழுந்துச்சு" என்றார்.

அதற்கு மேல் எனக்கு ஒன்றும் வேண்டியிருக்கவில்லை.

இருட்டின பிறகு ஓட்டிக்கொண்டு போகச் சொன்னார்கள். யாருக்குக் கொடுத்தார் என்று ஊர் பார்க்க வேண்டாமாம். வண்டியில் வரும்போது பெண்களில் ஒருத்தி பயந்தபடி, "கெட்ட சுழிங்கறாங்களே, ஒண்ணும் ஆவாதா?" என்றாள். சின்னம்மா சொன்னது: "பெண்டாட்டியத்தானே இழக்கணும்? நம்ம ஒம்பது பேர்ல யாருக்குடி பெண்டாட்டி இருக்குது?" வண்டி ஊர் சேருகிறவரை சிரித்தார்கள். டிரைவர் இரண்டு தடவை திரும்பிப் பார்த்தான்.

முப்பது நாள் தனியாகக் கட்டி, ரத்தம் எடுத்துக் கன்று வீச்சு நோய்க்குப் பரிசோதித்து, காசநோய் ஊசியும் போட்டுப் பார்த்த பிறகுதான் மந்தையில் விட்டேன். இளங்காளை என்பதால் முதலில் பன்னிரண்டு பசு, மீதி இரண்டு மாதம் கழித்து. முதல் வருசம் 17 கன்று. ஒன்றும் மாட்டவில்லை. 2020இல் ஊரடங்கில் சந்தைகளை மூடியபோது விற்க முடியாமல் திண்டாடினார்கள். கொறங்காட்டுப் புல் காப்பாற்றியது.

ஊரில் முணுமுணுப்பு இருந்தது. வேலியைக் கெட்டியாகப் போடு என்று இரண்டு தடவை ஆள் சொல்லி அனுப்பினார்கள். பெண்கள் கிளுவைப் போத்து வெட்டி நெருக்கமாக நட்டார்கள். ஒரு நாள் பொழுதோட ஊருக்குள்ளிருந்து ஓர் அம்மிணி தன் பசுவைப் பிடித்துக்கொண்டு வேலிக்கு வெளியே வந்து நின்றார். மூன்று தடவை ஊசி போட்டும் நிற்கவில்லையாம். காளையை விட்டோம். எவ்வளவு என்று கேட்டார். "ஒரு நாள் கூலிங்க" என்றது சின்னம்மா. முந்நூறு ரூபாயை வேலிக்கல்லின் மேல் வைத்துவிட்டுப் பசுவை ஓட்டிக்கொண்டு போனார். கையில் கொடுக்காத காசை எடுக்கக் கூடாது என்றேன் நான். சின்னம்மா எடுத்து முந்தானையில் முடிந்தது. "கல்லு மேல வெச்சாலும் முந்நூறு முந்நூறுதான் சாமி" என்றது. நாங்கள் இரண்டு நாள் பேசிக்கொள்ளவில்லை.

2022 ஆடியில் அதன் பெண்கன்றுகள் காளைக்குக் கத்த ஆரம்பித்தன. தகப்பனே மகள்மீது ஏறினால் மந்தை கெடும். காளையை மாற்றியாக வேண்டும். பூச்சிக்காளையாக விற்றால் நல்ல விலை வரும், ஆனால் வந்து பார்த்த மூன்று பேரும் சுழியைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார்கள். கறி விலைதான். வேறோர் ஊர் வளவில் இதேபோல மந்தை வைக்கப் போவதாகப் பேச்சு, அவர்களுக்குக் கொடுக்கலாம் என்று நான் சொன்னேன். அவர்களிடம் காசு இல்லை. கொறங்காட்டுக் குத்தகைக்குத் தவணை வந்துவிட்டது. இளையவள் ஒருத்தி அழுதாள். அதற்குத் தவிடு வைத்தவள் அவள்.

பொள்ளாச்சிப் பக்கத்து வியாபாரி வந்தார். காளையைச் சுற்றி வந்து முதுகைத் தட்டிப் பார்த்தார். வழக்கப்படி துண்டை எடுத்து என் கை மேல் போட வந்தார். நான் சின்னம்மாவைக் காட்டினேன். பாய் தயங்கினார். பொம்பளை விரலைத் துண்டுக்குள் எப்படிப் பிடிப்பது என்று அவருக்குக் கூச்சம்.

"வாயில சொல்லுங்க பாய். எல்லாருமே கேக்கட்டும்" என்றது சின்னம்மா.

அவர் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு விலையைச் சொன்னார். ஒன்பது பேரும் கேட்டார்கள்.

"பத்தாதுங்க" என்றது சின்னம்மா.